உயராத கைகள்

வகுப்பறையில் மிகுதியாகக் கேட்கப்படும் வினா எது என்று எவரேனும் நம்மை வினவினால், சற்றும் தயங்காமல் விடை சொல்வோம்: “புரிந்ததா?” என்பதே அது. அதற்கு வரும் விடையும் தலைமுறை தலைமுறையாக மாறாதது. “புரிந்தது” என்று நாற்பது குரல்கள் ஒரே இராகத்தில் இசைக்கும். எவருக்கேனும் ஐயம் உண்டா என்று அடுத்துக் கேட்டால் அமைதி நிலவும். எவர் கையும் உயராது. ஆசிரியர் மனநிறைவோடு அடுத்த பாடத்துக்குச் செல்வார். தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்த அமரும்போதுதான் அந்த இராகத்தின் பொய்ம்மை வெளிப்படும்.

பங்குப் பணியோடு பள்ளித் தாளாளர் பொறுப்பும் சேர்ந்தே வருவது நம் மறைமாவட்டங்களில் வழக்கம். அவ்வகையில் பல ஊர்களில் பல பள்ளிகளை நாம் கண்டிருக்கிறோம். மேல்நிலை வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை நன்னெறி வகுப்பும் எடுத்து வருகிறோம். ஊருக்கு ஊர் கட்டடம் மாறும். சீருடையின் நிறம் மாறும். உயராத கைகள் மட்டும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கும். விளையாட்டுத் திடலில் தொண்டை கிழியக் கத்தும் பிள்ளை, வகுப்பறையின் வாசற்படியைத் தாண்டியதும் வாயடைத்துப் போவது ஏன்? இவ்வினா நெடுங்காலமாக நம்மைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அண்மையில் நம் பள்ளியில் நடந்த சிறியதொரு முயற்சி அதற்கு ஓரளவு விடை தந்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். நம் வாசகருள் ஆசிரியர் பலர். பெற்றோர் அவரினும் பலர் அல்லவா?

அச்சம் யாரிடம்?

மாணவன் ஆசிரியருக்கு அஞ்சுகிறான் என்றே பொதுவாக எண்ணுகிறோம். பிரம்பு ஆண்ட காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் பிரம்பு விடைபெற்ற பின்னரும் மௌனம் விடைபெறவில்லையே! இன்றைய மாணவனை ஊமையாக்குவது, பின்வரிசையிலிருந்து எழும் மெல்லிய சிரிப்பு. ‘இதுகூடத் தெரியாதா?’ என்று பக்கத்தில் இருப்பவன் வீசும் ஒரு பார்வை. 13 வயது முதல் 17 வயது வரையுள்ள காலத்தில் அதைவிடக் கொடிய தண்டனை வேறொன்று இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்னும் உளவியல் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு. மற்றோர் அட்டையில் நீளத்தில் வேறுபட்ட மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். சிறு குழந்தையும் பிழையின்றிச் சொல்லிவிடும். ஆனால் அந்த அறையில் அமர்ந்திருந்தவர்களுள் ஒருவரைத் தவிர ஏனையோர் அனைவரும் ஆய்வாளரின் ஏற்பாட்டின்படி வந்தவர்கள். வேண்டுமென்றே எல்லாரும் ஒரே தவறான விடையை உரக்கச் சொல்வார்கள். உண்மை அறியாத அந்த ஒருவரின் முறை வரும்போது அவர் என்ன சொன்னார்? இவ்வாறு வைக்கப்பட்ட சோதனைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகள், கண்ணெதிரே இருந்த உண்மையைக் கைவிட்டுக் கூட்டத்தோடு ஒத்துப்போயின. ஆனால் அந்த ஒருவர் தம் விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் தனியே எழுதலாம் என்று ஆய்வை மாற்றி நடத்தியபோது, ஒத்துப்போகும் அந்த இயல்பு வெகுவாகக் குறைந்தது.

கண் பிழை செய்யவில்லை. நாவே பிழை செய்தது. இதைத்தான் நம் வகுப்பறைகளிலும் காண்கிறோம். விடை ‘அ’ என்போர் கை உயர்த்துங்கள் என்று ஆசிரியர் சொன்னவுடன், நாற்பது தலைகளும் முதலில் ஒருபுறம் திரும்பும். முதல் மதிப்பெண் பெறும் மாணவனின் கை உயர்ந்ததா இல்லையா என்று பார்த்த பின்னரே ஏனைய கைகள் அசையும். அங்கே எண்ணப்படுபவை நாற்பது விடைகள் அல்ல. ஒரு விடையும் அதன் முப்பத்தொன்பது நிழல்களும்.

ஒரு சட்டையின் விலை

நம் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் ஒரு நாள் நம்மிடம் அனுமதி கேட்டு வந்தார். பிளிக்கர்ஸ் என்னும் முறையைத் தம் வகுப்பில் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்றார். மாணவர் கையில் கைப்பேசி தருவதற்கு நாம் இசையமாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். அதற்குத் தேவை இல்லை, ஆசிரியர் கையில் ஒன்று இருந்தால் போதும் என்று விளக்கினார். வினாவைத் திரையிலோ கரும்பலகையிலோ எழுதிவிடுகிறார்கள். ஒவ்வொரு மாணவனிடமும் தாளில் அச்சிட்ட ஓர் அட்டை இருக்கும். அதில் கறுப்புக் கட்டங்களால் ஆன ஒரு வடிவம். ஒவ்வோர் அட்டையிலும் வடிவம் வேறு. அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்னும் எழுத்துகள் பொடியாக அச்சிடப்பட்டிருக்கும். தான் தேர்ந்த விடையின் எழுத்து மேற்புறம் வருமாறு மாணவன் அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் தம் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் மீது ஒருமுறை மெதுவாகச் சுழற்றினால், எத்தனை பேர் எந்த விடையைத் தேர்ந்தனர் என்பது கணத்தில் தெரிந்துவிடும். பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்த்தாலும் அக்கட்டங்களின் நடுவே எளிதில் ஒன்றும் கண்டுகொள்ள இயலாது.

அவ்வகுப்பின் பின்வரிசையில் நாமும் ஓர் இருக்கையில் அமர்ந்தோம். ஆசிரியை கேட்ட வினா இது: ஒரு சட்டையின் விலை 500 ரூபாய். கடைக்காரர் அதனை 20 விழுக்காடு உயர்த்துகிறார். பின்னர் திருவிழாத் தள்ளுபடி என்று சொல்லி, உயர்த்திய விலையிலிருந்து 20 விழுக்காடு குறைக்கிறார். இப்போது சட்டையின் விலை என்ன? 500 ரூபாயேதானா, அதற்கு மேலா, அதற்குக் கீழா? நான்காவது விடையாக ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதையும் அவர் எழுதியிருந்தார். அது நம்மை மிகவும் கவர்ந்தது. ‘தெரியவில்லை’ என்பதும் மதிப்புக்குரிய ஒரு விடையே என்று அப்பிள்ளைகளிடம் அதற்குமுன் எவர் சொல்லியிருப்பார்?

விழுக்காடு பாடம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. புரிந்தது என்று அனைவரும் இசைத்தும் இருந்தார்கள். ஆயினும் வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் 500 ரூபாயே என்று விடை தந்திருந்தனர். ‘தெரியவில்லை’ என்றோரும் சிலர் இருந்தனர். ஆசிரியை சரியான விடையைச் சொல்லவில்லை. எந்த விடைக்கு எத்தனை பேர் என்பதையும் காட்டவில்லை. “பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் விடைக்கான காரணத்தைச் சொல்லுங்கள், அவரை இணங்க வையுங்கள்” என்று மட்டும் கூறினார்.

அடுத்த கணம் அந்த வகுப்பறை சந்தைக்கடை ஆயிற்று! நமக்கு முன்னிருந்த சிறுவன் தன் தோழனின் தோளைப் பிடித்து உலுக்கியவாறு சொன்னான்: “டேய், ஏத்துனது ஐந்நூறு ரூபாய்க்கு இருபது சதவீதம். எறக்குறது அறுநூறு ரூபாய்க்குடா! நூறு ரூபாய் ஏறி, நூத்தி இருபது ரூபாய் எறங்குது.” தோழன் சற்று நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு “அப்ப நானூத்தி எம்பதா?” என்றான். அவன் முகத்தில் அப்போது மலர்ந்த ஒளியை எப்படி விவரிப்பது என்று தெரியவில்லை. மீண்டும் அட்டைகள் உயர்ந்தபோது வகுப்பின் பெரும்பகுதி சரியான விடைக்கு மாறியிருந்தது. ஆசிரியை அதுவரை கரும்பலகையில் ஓர் எண்ணைக்கூட எழுதவில்லை.

இம்முறை புதிதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் என்னும் பேராசிரியர் 1991-இல் இதனைத் தொடங்கினார். அவர் மாணவர்கள் கடினமான கணக்குகளை எளிதாகப் போட்டுவிடுவார்கள். ஆனால் கனமான லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் மோதிக்கொண்டால் எது எதன்மீது மிகுந்த விசையைச் செலுத்துகிறது என்பதுபோன்ற அடிப்படை வினாவில் தடுமாறினார்கள். இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாம் விதி. விதியை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த அவர்கள் அதை நம்பவில்லை! மசூர் தம் விரிவுரையை இடையிடையே நிறுத்தினார். வினா ஒன்றைக் கேட்டார். தனியே சிந்தித்து வாக்களிக்கச் சொன்னார். பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கச் சொன்னார். மீண்டும் வாக்களிக்கச் சொன்னார். முதலில் கை உயர்த்தியும், பின்னர் அட்டைகளைக் காட்டியும், அதன்பின் கையடக்கக் கருவிகளை அழுத்தியும் அந்த வாக்குகள் பெறப்பட்டன. நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு, தான் இடறிய கல் எது என்பது இன்னும் நினைவில் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்குமுன் புரிந்துகொண்ட பேராசிரியர் அக்கல்லை மறந்தே போயிருப்பார்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பாயிரத்தில் கற்றலின் கணக்கு ஒன்றைத் தருகிறது. ஆசான் உரைப்பதை நன்கு கொண்டாலும் மாணவன் பெறுவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கும் கைவருகிறது. தோளைப் பிடித்து உலுக்கிய அச்சிறுவன் நன்னூல் படித்திருக்கமாட்டான். ஆனால் அன்று அவன் தன் அரைப் பங்கைப் பெற்றுக்கொண்டான்.

பெயர் மறைந்தபோது வெளிவந்தவை

எட்டாம் வகுப்பில் கண்டதை நம் நன்னெறி வகுப்பிலும் முயன்று பார்க்க விரும்பினோம். கணிதத்தில் வினாக்களுக்கு ஒரே விடை உண்டு. வாழ்க்கையைப் பற்றிய வினாக்கள் அப்படியல்லவே! எனவே பதினொன்றாம் வகுப்பினரைக் கணினி அறைக்கு அழைத்துச் சென்றோம். சுவீடன் நாட்டில் உருவான மென்டிமீட்டர் என்னும் கருவியை ஆசிரியர் ஒருவர் ஆயத்தம் செய்து தந்தார். மாணவர்கள் தங்கள் கணினியில் ஓர் எண்ணை இட்டவுடன் வினா தோன்றும். பெயர் கேட்கப்படாது. அவர்கள் விடையைத் தொடத் தொட, முன்னுள்ள திரையில் பட்டைகள் வளரும். விரும்பினால் எல்லாரும் விடையளித்து முடிக்கும்வரை பட்டைகளை மறைத்தும் வைக்கலாம். ஆஷ் அவர்களின் ஆய்வை அறிந்தோர் மறைத்தே வைப்பார்கள். நாமும் மறைத்தே வைத்தோம்.

கடந்த ஒரு மாதத்தில் வகுப்பில் கேட்க நினைத்துக் கேளாமல் விட்ட ஐயம் உண்டா என்பது முதல் வினா. ‘உண்டு’ என்னும் பட்டை திரையின் உச்சியைத் தொட்டது. ஏன் கேட்கவில்லை என்பது இரண்டாவது. ஆசிரியர் கோபிப்பார், நண்பர்கள் சிரிப்பார்கள், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, கேட்டுப் பயனில்லை என நான்கு விடைகளை வைத்திருந்தோம். நண்பர்களின் சிரிப்பே முதலிடம் பெற்றது. அது நாம் எதிர்பார்த்ததே. ஆனால் அதற்கு அடுத்த இடத்தில், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்பது நின்றது. அது நம்மை ஆழ்ந்து சிந்திக்க வைத்தது. வினாவைச் சொற்களாக்குவதற்கே பாதி அறிவு வேண்டும். முழுவதும் இருட்டில் நிற்பவனுக்கு விளக்கு எந்தப் பக்கம் என்று கேட்கவும் தெரியாது. நான்கு விடைகளை நாம் எழுதி முன்வைக்கும்போது, அவனுக்கு இல்லாத சொற்களைக் கடனாகத் தருகிறோம். பெயரை மறைப்பதால் மட்டும் வாய் திறப்பதில்லை. சொல்லைத் தருவதாலும் திறக்கிறது.

மூன்றாவதாக ஒரு வெற்றிடத்தைத் தந்தோம். பெரியவர்களிடம் சொல்ல நினைத்துச் சொல்லாத ஒன்றை, விருப்பம் இருப்பின், எழுதலாம் என்றோம். இவ்விடைகள் திரையில் தோன்றா. நாம் மட்டுமே வாசிப்போம் என்பதையும் முன்கூட்டியே சொன்னோம். பலர் மதிய உணவு இடைவேளை போதவில்லை என்று எழுதினர். சிலர் விளையாட்டுப் பாடவேளையைக் கணித ஆசிரியர் எடுத்துக்கொள்வதாக முறையிட்டனர். அவற்றின் நடுவே ஒரு வரி இருந்தது: “அப்பா குடிச்சிட்டு வந்தா, நான் எங்க உக்காந்து படிக்கிறது?”

அன்று இரவு அந்த வரி நம்மை உறங்கவிடவில்லை. எழுதியவர் யார்? ஆணா, பெண்ணா? எந்தத் தெரு? கண்டுபிடிக்க வழி இருந்திருக்கும். இரண்டு மூன்று பேரை அழைத்து விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் யார் என்று கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துப் பெற்ற சொல் அல்லவா அது? ஓர் உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் சொல்லாயின், வகுப்பறையின் எந்த மறைவையும்விட அந்த உயிரே பெரிது. அங்கே உடனே தேடித்தான் ஆக வேண்டும். இதுவோ உட்கார இடம் கேட்ட சொல். இடம் கேட்பவருக்குத் தேவை விசாரணை அன்று, இடம்தான்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஓர் அறிவிப்புச் செய்தோம். அன்று முதல் பள்ளி நூலகம் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும்; ஆசிரியர் ஒருவர் உடனிருப்பார்; படிக்க விரும்பும் எவரும் வரலாம்; காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முதல் நாள் நால்வர் வந்தனர். பிறகு மேசை போதாமல் வராந்தாவிலும் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. அவர்களுள் அந்த வரியை எழுதியவர் இருந்தாரா? அறியோம். அறிய முயலவும் இல்லை. பெயரில்லாமல் வந்த ஒரு வினாவுக்குப் பெயர் கேளாமலே ஒரு விடை தர முடிந்தது என்ற நிறைவு நமக்குப் போதும்.

மொட்டைக் கடிதமா இது?

பணி நிறைவை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் இம்முயற்சியை ஏற்கவில்லை. “பெயர் போடாமல் எழுதுவது மொட்டைக் கடிதம்தானே, ஃபாதர்? நாமே பிள்ளைகளுக்கு அதைப் பழக்கலாமா?” என்று கேட்டார். நியாயமான வினா. மொட்டைக் கடிதங்களின் கொடுமையைப் பங்குக் குருக்களைவிட நன்கு அறிந்தவர் யார்? ஆயர் இல்லத்து அஞ்சல் பெட்டியைக் கேட்டால் அது கதை கதையாகச் சொல்லுமே!

ஆயினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு என்று நாம் அவரிடம் சொன்னோம். மொட்டைக் கடிதம் எழுதுபவர் தம் பெயரை மறைத்துக்கொண்டு பிறர் பெயரை வெளியிடுகிறார். பிறர் குறையைச் சொல்ல மறைவைத் தேடுகிறார். வகுப்பில் பெயரின்றி வாக்களிக்கும் பிள்ளையோ தன் அறியாமையைச் சொல்ல மறைவைத் தேடுகிறது. முன்னதில் இருட்டு ஆயுதம். பின்னதில் அது போர்வை.

உண்மையைச் சொல்ல மறைவு வேண்டும் என்பது பிள்ளைகளின் பலவீனம் மட்டும் அன்று. திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் கற்றறிந்தோர், முதிர்ந்தோர், அஞ்சாதோர் என்றே நாம் கருதுகிறோம். ஆயினும் 1621-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, அவர்கள் எழுத்து வழியாக இரகசியமாகவே வாக்களிக்க வேண்டும் என்று விதித்தார். எழுதியவர் யார் என்று அடையாளம் காண இயலாத கையெழுத்தில், கூடுமானவரை, எழுத வேண்டும் என்பது இன்றும் விதி. 2025 மே மாதம் 133 கர்தினால்கள் அவ்வாறு எழுதிய தாள்களிலிருந்தே திருத்தந்தை பதினான்காம் லியோ தேர்வுபெற்றார். அவர்களுக்கே பக்கத்து இருக்கையின் பார்வையிலிருந்து பாதுகாப்புத் தேவை எனில், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவையில்லையா? மூத்த ஆசிரியை சிரித்துவிட்டார். முழுவதும் இணங்கினார் என்று சொல்லமாட்டோம். “போர்வைக்குள்ளேயே பிள்ளை வளர்ந்துவிடக் கூடாது, ஃபாதர்” என்று ஒரு சொல் வைத்துவிட்டே சென்றார். அந்தச் சொல்லை நாம் மறக்கவில்லை.

கருவியும் கவனமும்

இம்முறையைக் கையாள விரும்பும் ஆசிரியர்களுக்கு நம் பட்டறிவிலிருந்து சில கூறலாம்.

முதலாவது, மறைவு உண்மையானதாக இருக்க வேண்டும். பிளிக்கர்ஸ் அட்டைகளுக்கு எண் உண்டு. எந்த எண் எந்த மாணவனுக்கு என்று ஆசிரியர் பதிந்து வைத்தால், சக மாணவரிடமிருந்து மறைவு உண்டு, ஆசிரியரிடமிருந்து இல்லை. பாடம் தொடர்பான வினாவுக்கு அதுவே பயன் தரும். யாருக்கு உதவி வேண்டும் என்று தெரியும். மனம் திறக்க வேண்டிய வினாவாயின் அட்டைகளைக் கலைத்துவிட்டுக் கைக்கு வந்ததைக் கொடுத்துவிட வேண்டும். எதுவாயினும், யார் பார்ப்பார், யார் பார்க்கமாட்டார் என்பதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை வாக்குத் தவறினால் அதன்பின் ஆயிரம் கருவிகள் வந்தாலும் அவ்வகுப்பு வாய் திறக்காது.

இரண்டாவது, தேர்ந்தெடுக்கும் விடைகளைத் திரையில் காட்டலாம். சொந்தமாக எழுதும் சொற்களை ஆசிரியர் வாசித்த பின்னரே காட்ட வேண்டும். வேறொரு வகுப்பில் சொற்கள் நேரடியாகத் திரையேறியபோது, உடன் பயிலும் ஒருவனின் பட்டப்பெயரும் அங்கே ஏறிவிட்டது. வகுப்பே சிரித்தது. ஆசிரியர் அக்கணமே திரையை அணைத்தார். போர்வை ஆயுதமாக மாற ஒரு நொடி போதும்.

மூன்றாவது, விளையாட்டின் வேகத்தில் நோக்கம் மறையக் கூடாது. நார்வே நாட்டிலிருந்து வந்த கஹூட் என்னும் வினாடி வினாவைப் பிள்ளைகள் பெரிதும் விரும்புகிறார்கள். இசையும் வண்ணமும் உண்டு. விரைந்து விடை சொன்னால் மதிப்பெண் கூடும். முன்னணியில் நிற்போர் பெயர் திரையில் ஒளிரும். கற்றதை நினைவுகூர அது நல்லது. ஆனால் மெல்ல நடக்கும் பிள்ளைக்கு அது மற்றுமொரு ஓட்டப்பந்தயம். வாய் திறக்க வைக்கவேண்டிய இடத்தில் கடிகாரத்தை வைக்கலாகாது.

நான்காவதே தலையாயது. வகுப்பில் பாதிப் பேருக்குப் புரியவில்லை என்று பட்டை காட்டிய பிறகும், பாடத்திட்டம் முடிக்க வேண்டும் என்று ஆசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்டினால், கேளாமலே இருந்திருக்கலாம். காய்ச்சல் அளக்கும் கருவி காய்ச்சலைத் தணிப்பதில்லை. தன் குரல் கேட்கப்பட்டும் ஒன்றும் மாறவில்லை என்று கண்ட பிள்ளை, கேட்டுப் பயனில்லை என்னும் நான்காவது பட்டைக்கு நிரந்தரமாகக் குடிபெயர்ந்துவிடும்.

கருவி வாங்க வசதி இல்லையே என்று எவரும் வருந்த வேண்டியதில்லை. மாணவர் அனைவரும் கண்களை மூடிக்கொண்டு, ஒன்று முதல் நான்கு வரை விரல்களை நெஞ்சருகே காட்டினாலே போதும். துண்டுத் தாள்களும் பழைய பிஸ்கட் டப்பாவும் இருந்தால் அதைவிடச் சிறந்த கருவி இல்லை.

இரவிலிருந்து பகலுக்கு

மூத்த ஆசிரியை வைத்துச் சென்ற சொல்லுக்கு இனி வருவோம். பிள்ளை போர்வைக்குள்ளேயே வளர்ந்துவிடக் கூடாது. எவ்வாறு வெளியே அழைப்பது?

யோவான் நற்செய்தியில் வரும் நிக்கதேமை நினைத்துப் பார்க்கிறோம். அவரே ஒரு போதகர். மக்கள் மதித்த தலைவர். ஆயினும் தம் ஐயத்தைக் கேட்க அவர் இரவில் வந்தார். நாளை பகலில் வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. இரவிலேயே அமர்ந்து பேசினார். அவர் தவறாகப் புரிந்துகொண்டபோதும் உரையாடலைத் தொடர்ந்தார். அதே நிக்கதேம் பின்னொரு நாள் தலைமைச் சங்கத்தாரிடையே, ஒருவரை விசாரிக்காமல் தீர்ப்பிடலாமா என்று துணிந்து கேட்கிறார். இறுதியில், சீடர்கள் பலர் சிதறிப்போன வேளையில், வெள்ளைப்போளமும் அகிலும் சுமந்து வெளிப்படையாக வந்து நிற்கிறார். இரவில் கேட்க இடம் கிடைத்ததாலன்றோ அவர் பகலில் நிற்கக் கற்றார்!

வகுப்பறையிலும் அப்படிப் படிகள் உண்டு. முதலில் பெயரின்றி வாக்கு. அடுத்து, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் காரணம் சொல்லுதல். அதன்பின் நம் கணித ஆசிரியை கையாளும் ஓர் உத்தி. “500 ரூபாய் என்றவர் யார்?” என்று அவர் கேட்பதில்லை. “500 ரூபாய் என்று சொன்ன ஒருவர் எப்படி எண்ணியிருக்கக்கூடும்?” என்று கேட்கிறார். அதற்கு எவரும் எழுந்து விடை சொல்லலாம். தன் விடையாகவும் இருக்கலாம், பிறர் விடையாகவும் இருக்கலாம், எவருக்கும் தெரியாது. தவறான விடைக்குப் பின்னாலும் ஒரு சிந்தனை உண்டு, அது கேலிக்குரியதன்று என்பதை வகுப்பு மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. அதைக் கற்றுக்கொண்ட வகுப்பில், ஒரு நாள் ஒரு பிள்ளை தானாகவே எழுந்து, “மிஸ், நான்தான் 500-ன்னு போட்டேன். ஏன் தப்புன்னு இன்னும் புரியல” என்று சொல்கிறது. அன்றைக்கு அவ்வகுப்புக்கு அட்டைகள் தேவைப்படுவதில்லை.

ஆகவே பெயரற்ற வாக்கை நாம் வாசற்படியாகவே காண்கிறோம். படியில் நின்றுகொண்டே வாழ இயலாது. படி இல்லாமல் வீட்டுக்குள் ஏறவும் இயலாது. பிள்ளையின் பெயரை நிரந்தரமாக மறைப்பது நம் நோக்கமன்று. தன் அறியாமையைத் தன் பெயரோடு சேர்த்துச் சொல்லும் துணிவு வரும்வரை அதற்கு ஒரு நிழல் தருவதே நோக்கம். அந்த நாளை விரைவுபடுத்த வேண்டியவரும் பிள்ளை அல்லர். சிரிக்காத வகுப்பை உருவாக்க வேண்டிய ஆசிரியரே அதற்குப் பொறுப்பு. வீட்டில் பெற்றோர் பொறுப்பு.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம், “இன்று என்ன மதிப்பெண்?” என்று கேட்கிறோம். ஒரு நாளேனும், “இன்று உனக்குப் புரியாதது எது?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாள் பிள்ளை உங்களை வியப்போடு பார்க்கும். இரண்டாம் நாள் ஏதேனும் ஒன்றைச் சொல்லும். அதைக் கேட்டுச் சிரிக்காமல், சினவாமல், “எனக்கும் அந்த வயதில் அது புரியவில்லை, வா, சேர்ந்து பார்ப்போம்” என்று அருகில் அமர்ந்துகொள்ளுங்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து வரும் பிள்ளையின் கை, எந்தக் கருவியும் இல்லாமல், வகுப்பில் தானே உயரும்.